விருத்தாசலத்தில் இளநிலை உயிரியல் கல்வி: தாள்வரிசையும் நிலத்தின் காலமும்

ஆய்வுச் சுருக்கம்

இளநிலை உயிரியல் பட்டப்படிப்பில் எந்தத் தாள் எந்தப் பருவத்தில் இடம்பெற வேண்டும் என்னும் வினா நிர்வாகச் சிக்கலாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. பாடத்தின் முன்தேவையும் செய்முறைக்குரிய உயிர்கள் கிடைக்கும் காலமுமே அவ்வரிசையை முடிவு செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. நிலக்கடலை, முந்திரி, பீங்கான் ஆகிய மூன்றாலும் அறியப்படும் விருத்தாசலம் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பாடத்திட்டம், தாவரவியல், விலங்கியல், பட்டம், நிலக்கடலை, நுண்துளைப் பானை.

முன்னுரை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் பயிலும் மாணவர் ஒவ்வொரு பருவத்திற்கும் முன்பாகத் தாம் எடுக்க வேண்டிய பாடங்களைத் தாமே தெரிவு செய்கிறார். பொது வேதியியலை முடிக்காமல் கரிம வேதியியலிலும், அதை முடிக்காமல் உயிர்வேதியியலிலும் சேர இயலாது என்னும் முன்தேவை விதி அவருக்கு வழிகாட்டுகிறது. தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் நிலைமை வேறு. இங்கு வரிசையைப் பாடத்திட்டக் குழு முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. மாணவருக்குக் கையில் கிடைப்பது வகுக்கப்பட்ட அட்டவணை. ஆகவே அவ்வரிசை பிழைபட்டிருந்தால் அதன் சுமையை ஒரு மாணவர் மட்டுமன்றி வகுப்பு முழுவதும் சுமக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவருக்கு, புரியாத ஒரு தாள் நிலுவைத் தாளாகி, அது பட்டத்தையே தள்ளிப்போடும் நிலை புதிதன்று.

சட்டகமும் அதனுள் எஞ்சும் இடமும்

தமிழ்நாட்டில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் ஆறு பருவங்களையும் 140 தரப்புள்ளிகளையும் கொண்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகம் மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 தரப்புள்ளிகளையும் நான்காண்டுப் பட்டத்திற்கு 160 தரப்புள்ளிகளையும் வகுத்தது. வாரத்திற்கு 30 மணி நேரம் என்பது நம் கல்லூரிகளின் வழக்கமான கால அளவு. முதல் நான்கு பருவங்களில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து அதில் 12 மணி வரை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய நேரத்திற்குள்தான் முதன்மைத் தாள்களும் துணைப் பாடமும் செய்முறையும் திறன் மேம்பாட்டுத் தாள்களும் அடங்க வேண்டும்.

இச்சட்டகத்தில் ‘உயிரியல்’ என்னும் பெயரிலான பட்டம் அரிது. மேல்நிலைப் பள்ளியில் தாவரவியலும் விலங்கியலும் ஒரே பாடத்தின் இரு பகுதிகளாகப் படிக்கப்படுகின்றன. கல்லூரியின் வாயிலில் அவை பிரிந்துவிடுகின்றன. ஒன்றை முதன்மையாகக் கொள்பவர் மற்றொன்றைத் துணைப்பாடமாகச் சில பருவங்கள் மட்டும் படிக்கிறார். உயிர்த்தொழில்நுட்பவியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டங்களைத் தெரிவு செய்பவர் வேறொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: ஆசிரியப் பணிக்கு ஒரு பட்டம் மற்றொன்றுக்கு இணையானதா என்பதை அரசாணைகளே முடிவு செய்கின்றன. பட்டத்தின் பெயரில் உள்ள ஒரு சொல் பணி வாய்ப்பை மாற்றிவிடலாம். பயிற்றுமொழியும் இத்தகையதே. தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் பள்ளிக் கல்வியும் தமிழ்வழியில் அமைந்திருக்க வேண்டும் என்றாக்கியது. சேர்க்கையின்போது இவ்விரண்டையும் விளக்கிச் சொல்லும் துறைகள் மாணவருக்குப் பெரிய உதவி செய்கின்றன.

இவ்வளவு இறுக்கமான அமைப்பிலும் துறைக்கு உரிமையான இடங்கள் சில உண்டு. துணைப்பாடம் முதலாண்டிலா இரண்டாமாண்டிலா, விருப்பத் தாள் எது, களப்பயணம் எப்போது, செய்முறைக்கு எந்த மாதிரி, உள்ளகப் பயிற்சிக்கு எந்த நிறுவனம் ஆகியவற்றைப் பெரும்பாலும் துறையே முடிவு செய்கிறது. கீழே கூறப்படுபவை அனைத்தும் இவ்விடங்களைப் பற்றியவை.

எளியதிலிருந்து தொடங்கும் மரபு

விலங்கியல் மாணவர் முதற்பருவத்தில் முதுகெலும்பற்றவற்றையும் இரண்டாம் பருவத்தில் முதுகுநாணுள்ளவற்றையும் படிப்பது வழக்கம். தாவரவியல் மாணவர் பாசிகளிலிருந்து தொடங்கிப் பூக்கும் தாவரங்களுக்குப் பின்னரே வந்து சேர்கிறார். தென்னிந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலம் கையாளப்பட்ட ஏகாம்பரநாத அய்யரின் விலங்கியல் கையேடு முதுகெலும்பற்றவை, முதுகுநாணுள்ளவை என இரு பகுதிகளாக அமைந்தது. தாள்களின் பகுப்பும் அவ்வாறே நிலைபெற்றது.

இம்மரபின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 1872இல் தென் கென்சிங்டனில் ஆசிரியர்களுக்காக நடத்திய பயிற்சியே ஆய்வகம் சார்ந்த உயிரியல் கல்விக்கு முன்மாதிரியானது. மார்ட்டினுடன் இணைந்து அவர் 1875இல் வெளியிட்ட செய்முறை நூல் ஈஸ்ட்டில் தொடங்கித் தவளையில் முடிந்தது. ஆனால், 1888இல் ஹவஸ், ஸ்காட் ஆகியோர் திருத்திய பதிப்பில் வரிசை தலைகீழானது: தவளை முன்னே வந்தது. மாணவருக்குத் தெரிந்த உடலமைப்பிலிருந்து தெரியாததற்குச் செல்வதே நன்று என்பது பல ஆண்டு வகுப்பறை அனுபவம் தந்த பாடம். ஹக்ஸ்லியின் முதல் வரிசையை நாம் இன்றும் போற்றுகிறோம். அவர் நூலே பின்னர் ஏற்ற மாற்றத்தை ஏனோ மறந்துவிட்டோம். எளிய உயிர் என்பது பரிணாமத்தில் முந்தியது. கற்பவருக்கு எளியது என்று பொருளன்று. நிலக்கடலைக் கொல்லையில் வளர்ந்த மாணவருக்கு நுண்ணோக்கியின் கீழ்த் தெரியும் பாசியிழையைவிடக் கடலைச்செடியின் வேர்முடிச்சு எளிதன்றோ?

முன்தேவை

வரிசையில் உண்மையான தடை உயிரினங்களுக்கிடையே இல்லை. துணை அறிவுகளிடம் உள்ளது. அமில காரத்தன்மை, தாங்கல் கரைசல், பெப்டைடுப் பிணைப்பு ஆகியவற்றை வேதியியல் தாளில் படிக்கும் முன்பே செல் உயிரியலும் உயிர்வேதியியலும் வந்துவிட்டால், மாணவர் மனப்பாடத்தையே நாட நேரிடும். துணைப்பாடமான வேதியியலை இரண்டாமாண்டுக்குத் தள்ளும் துறைகள் இந்தச் சிக்கலைத் தாமே வரவழைத்துக்கொள்கின்றன.

கணிதத்தின் நிலை இதைவிடக் கடினம். கணிதமில்லாத அறிவியல் பிரிவில் மேல்நிலைக் கல்வி பயின்றவர் பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர். மரபியல் தாளில் மெண்டலின் 3:1 விகிதத்தைச் சரிபார்க்க கை-வர்க்கச் சோதனை தேவைப்படுகிறது. அச்சோதனையை விளக்கும் உயிர்ப்புள்ளியியலோ பல பாடத்திட்டங்களில் மரபியலுக்குப் பின்னரே இடம்பெறுகிறது. தாளை இடம் மாற்றத் துறைக்கு உரிமை இல்லாவிடினும், மரபியல் செய்முறையின் முதல் இரு வாரங்களைச் சராசரி, திட்டவிலக்கம், எதிர்பார்ப்பு மதிப்பு ஆகியவற்றுக்கு ஒதுக்கத் தடையேதுமில்லை.

ஆடிப்பட்டமும் முதற்பருவமும்

கல்லூரியின் அரையாண்டையும் பயிரின் வளர்ச்சிநிலையையும் தமிழில் ‘பருவம்’ என்றே வழங்குகிறோம். இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் வழக்கம்தான் இல்லை.

ஒற்றைப்படைப் பருவம் ஏறத்தாழ ஆனி, ஆடியில் தொடங்கிக் கார்த்திகையில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மணிமுத்தாற்றிலும் ஏரிகளிலும் நீர் நிறையும் வேளையில் மாணவர் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார். எனவே முதற்பருவப் பாசியியல் செய்முறை பெரும்பாலும் பார்மலின் குப்பிகளைக் கொண்டே நிகழ்கிறது. மாறாக, அதே ஆடியில் மானாவாரி நிலக்கடலை விதைக்கப்படுகிறது. கோடைக்குப் பின் பெய்யும் நல்ல மழையைத் தொடர்ந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக உறங்கிக் கிடந்த சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சிகள் வெளிவருகின்றன. விளக்குப்பொறி வைத்தால் அவை வந்து விழும். சில நாள்களில் இலைகளில் முட்டைக் குவியல்கள், பின்னர் கூட்டமாக மேயும் இளம்புழுக்கள். முழு உருமாற்றம், வளர்ச்சி உறக்கம், மழையெனும் தூண்டல் ஆகிய மூன்றையும் கணுக்காலிகள் பாடத்தில் உயிரோடு காட்ட இதைவிடச் சிறந்த வாய்ப்பு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கு அறுவையைத் தடை செய்தபின் விலங்கியல் செய்முறையில் ஏற்பட்ட வெற்றிடத்தைப் படங்களாலும் கணினிக் காட்சிகளாலும் நிரப்புவதைவிட இத்தகைய களநோக்கு மேலானது.

அச்செடியே தாவரவியலாருக்கும் பாடம். வேர்முடிச்சில் தழைச்சத்தை நிலைப்படுத்தும் பாக்டீரியா, இலையில் டிக்கா புள்ளிநோயின் பூஞ்சை, மொட்டுக்கருகலை உண்டாக்கும் வைரஸ், அதைப் பரப்பும் இலைப்பேன் எனப் பல தாள்களின் பொருள் ஒரே கொல்லையில் உள்ளது. கருவுற்ற சூலகத்தைத் தாங்கி மண்ணை நோக்கி இறங்கும் உறுப்பை உழவர் ‘விழுது’ என்பர். பாடநூல் ‘கைனோஃபோர்’ என்று ஒலிபெயர்த்து எழுதுவதைக் காட்டிலும் இச்சொல் தெளிவானது. தமிழ்வழி வகுப்பில் தயக்கமின்றி ஆளத்தக்கது. விதைத்த 40 முதல் 45 நாள்களில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது உழவர் அறிந்த பரிந்துரை. வளரும் காய் தனக்குரிய கால்சியத்தில் பெரும்பகுதியை வேரின் வழியாகவன்றி மண்ணிலிருந்து நேரடியாக ஏற்கிறது என்பதே அதன் காரணம். தாவரச் செயலியலில் கனிம ஊட்டம் என்னும் அலகை இங்கிருந்து தொடங்கலாம்.

முந்திரி இரட்டைப்படைப் பருவத்திற்கு உரியது. தை முதல் பங்குனி வரை பூங்கொத்துகள் கிடைக்கும். ஒரே கொத்தில் ஆண்பூக்களும் இருபால் பூக்களும் கலந்திருப்பதை எண்ணிக் கணக்கிடச் செய்தால் அதுவே உயிர்ப்புள்ளியியலுக்கும் தரவாகும். ‘பழம்’ என்று உண்ணப்படுவது பருத்த பூக்காம்பு. கொட்டையே உண்மையான கனி. வகைப்பாட்டியல் தாள் ஒற்றைப்படைப் பருவத்தில் விழுந்தாலும், முந்திரிக்கான களப்பணியைத் தைக்குப் பின் வைப்பது துறையின் கையில்தான் உள்ளது.

விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் ‘வி.ஆர்.ஐ.’ என்னும் முன்னொட்டுடன் நிலக்கடலை, முந்திரி இரகங்களை வெளியிட்டுள்ளது. நிலக்கடலை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். விதையில் இரகம் மாறாது நிலைக்கும். முந்திரியோ அயல்மகரந்தச் சேர்க்கையால் விதைக்கு விதை வேறுபடுவது. ஆகையால் இளந்தண்டு ஒட்டுமுறையில் பெருக்கப்படுகிறது. பயிர்ப்பெருக்கவியலின் அடிப்படை வேறுபாடு இந்த ஒரே வளாகத்தின் பணிகளிலேயே விளங்கும். உள்ளகப் பயிற்சிக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் மாணவரை அனுப்பும் முன் இந்நிலையத்தை எண்ணிப் பார்ப்பது தகும்.

மண்ணுக்கடியிலும் பாடம் உண்டு. அரியலூர், புதுச்சேரிப் பகுதிகளோடு விருத்தாசலப் பகுதியிலும் கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகள் வெளித்தெரிகின்றன. தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் இப்படிவுகளைப் பற்றி எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் எழுதினார். அவற்றின் மெல்லுடலி எச்சங்களை ஸ்டோலிச்கா விரிவாக விவரித்தார். இன்றைய மெல்லுடலிகளுக்குப் பரங்கிப்பேட்டையும் பிச்சாவரமும் அதே மாவட்டத்தில் உள்ளன.

சுட்ட மண்ணும் செல்லும்

பீங்கானுக்கும் உயிரியலுக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். வரலாறு வேறு சொல்கிறது. வில்ஹெல்ம் பெஃபர் 1877இல் வெளியிட்ட சவ்வூடுபரவல் ஆய்வுகளுக்குக் கருவியாக அமைந்தது மெருகிடாத களிமண் கலம். அதன் நுண்துளைகளில் செம்பு பெரோசயனைடுப் படலத்தை உருவாக்கி அவர் அளந்த அழுத்தங்களே வான்ட் ஹாஃப்பின் கரைசல் கோட்பாட்டிற்கு ஆதாரமாயின. 1884இல் சேம்பர்லேண்ட் அமைத்த மெருகிடாத பீங்கான் வடிகட்டி பாக்டீரியாக்களைத் தடுத்தது. 1892இல் இவனோவ்ஸ்கி நோயுற்ற புகையிலைச் சாற்றை அத்தகைய வடிகட்டியில் செலுத்தியபோது, வடிந்த நீரும் நோயை உண்டாக்கியது. பெய்யெரிங்க் 1898இல் அதன் பொருளை விளக்கினார். வைரஸ் என்னும் கருத்து பீங்கானின் துளை வழியே அறிவியலுக்கு வந்தது எனலாம். பீங்கான் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பை நடத்தும் அரசு நிறுவனமும் தொழிற்பேட்டையும் உள்ள ஊரில் இவ்வரலாறு கரும்பலகையோடு நின்றுவிட வேண்டியதில்லை.

மனித உடலியலிலும் இவ்வூருக்கு ஒரு பாடம் உள்ளது. சிலிக்காத் தூளை நெடுங்காலம் சுவாசிப்பதால் வரும் சிலிக்கோசிஸ், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட்ட நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றிருந்தது. நுண்துகளை விழுங்கிய நுரையீரல் விழுங்கணுக்கள் அதைச் செரிக்க இயலாமல் அழிவதும், தொடரும் அழற்சியால் நார்த்திசு பெருகுவதும் சுவாசம், எதிர்ப்பாற்றல் ஆகிய இரு அலகுகளையும் ஒன்றாக இணைக்கின்றன. பீங்கான் பட்டறையில் வேலை செய்பவரின் மகனோ மகளோ அவ்வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும். அவர்கள் இப்பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டுப் போவது சரியன்று. ஈரமுறையில் அரைப்பதும் தூள் உறிஞ்சும் அமைப்பும் தக்க முகக்கவசமும் ஏன் தேவை என்பதும் அதே வகுப்பில் சொல்லப்பட வேண்டும்.

செய்முறைக்கு உடனே ஏற்றது நுண்துளைப் பானைச் சோதனை. நீர் நிரப்பிய மெருகிடாத பானையின் வாயை அடைத்து, அதனோடு இணைத்த கண்ணாடிக் குழாயின் மறுமுனையை நீரில் அமிழ்த்தினால், பானையின் புறப்பரப்பில் நிகழும் ஆவியாதல் நீரைக் குழாயில் மேலிழுக்கிறது. இலையின் நீராவிப்போக்கு இழுவிசைக்கு இது மாதிரி. பழைய கையேடுகள் பாதரசத்தைப் பரிந்துரைக்கும். நிறமிட்ட நீரே போதும், பாதுகாப்பும் கூட. சுமார் 900 முதல் 1000 பாகை செல்சியஸில் சுட்ட மண் நுண்துளைகளோடு இருக்கும். 1250 பாகைக்கு மேல் சுட்ட பீங்கானில் துளைகள் ஏறத்தாழ அடைபட்டுவிடும். ஒரே அளவில், வெவ்வேறு வெப்பநிலையில் சுட்ட நான்கு பானைகளைப் பீங்கான் பயிலும் மாணவர்கள் செய்து கொடுக்க, மணிக்கு மணி நீர்மட்டம் ஏறுவதைத் தாவரவியல் மாணவர்கள் குறித்து வரைபடமாக்கினால், செயலியல் செய்முறைப் பதிவேட்டில் ஒரு பக்கம் அந்த ஊரின் மண்ணாலேயே நிரம்பும். இதற்குப் பாடத்திட்டக் குழுவின் ஒப்புதல் தேவையில்லை. இரு நிறுவனங்களின் துறைத்தலைவர்கள் பேசிக்கொண்டால் போதும்.