புலி பலியாகும் விந்தை

செம்பாக்கத்தில் ஒரு குடியிருப்போர் சங்கம் தன் உறுப்பினர் பட்டியலை எக்செல் விரிதாளில் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு வரிசையில் மின்னஞ்சல் முகவரி. அடுத்ததில் தமிழில் பெயர். முகவரிகளில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் தாறுமாறாகக் கலந்துள்ளன. அனைத்தையும் சிறிய எழுத்தாக்க 'மேக்ரோ' உதவும். 'ஒவ்வொரு கட்டமாகச் செல். உள்ளதைச் சிறிய எழுத்தாக்கித் திரும்ப எழுது' என ஒருமுறை எழுதிவைக்கும் ஆணைத் தொடரே அது. எழுத்தைச் சிறிதாக்கும் ஆணை 'எல்கேஸ்', பெரிதாக்குவது 'யூகேஸ்'.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆஸ்கி முறையில் பெரிய 'ஜி' 71, சிறிய 'ஜி' 103. எந்த எழுத்தை எடுத்தாலும் வேறுபாடு 32. இது 2-இன் ஐந்தாம் அடுக்கு அன்றோ? ஆகவே இரும எண்ணில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லையே, பெயர்களுக்கு என்ன கேடு வரும் என்று கேட்கலாம். ஒருங்குறியில் தட்டிய பெயருக்கு ஒன்றும் நேராது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை தனி இடம் உண்டு. பழைய 'பாமினி' எழுத்துருவின் கதை வேறு. அது ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. சிறிய 'ஜி' இருக்குமிடத்தில் ப. பெரிய 'ஜி' இருக்குமிடத்தில் பு. உகரம் சேர்ந்தால் எழுத்தின் உருவே மாறுவதால் கு, மு, ரு ஆகியவற்றுக்கும் இப்படித் தனி இடங்கள் தேவைப்பட்டன.

இப்போது பெயர் வரிசையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து எல்கேஸை ஏவுங்கள். புலி பலியாகும்! முருகன் 'மரகன்' ஆவார். யூகேஸ் கொண்டு மீட்கலாமா? முடியாது. அது லகரத்தையும் லுகரமாக்கி, இகரக் குறியையும் நெடிலாக்கிவிடும். எந்த எழுத்து முன்பு எப்படி இருந்தது என்ற செய்தியே அழிந்துபோயிற்று. மேக்ரோ செய்ததை எக்செலின் 'அன்டூ' கட்டளையும் திருப்பாது.

தடுப்பது எளிது. கட்டத்தின் எழுத்துரு பாமினியாயின் அதைத் தாண்டிச் செல்லுமாறு மேக்ரோவில் ஒரு வரி சேர்த்தால் போதும். சூத்திரம் உள்ள கட்டங்களையும் அவ்வாறே விலக்க வேண்டும். இல்லையேல் சூத்திரம் மறைந்து விடை மட்டும் எஞ்சும். பழைய பட்டியலை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. எப்படியாயினும், மேக்ரோவை இயக்குமுன் கோப்பை ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.