புழுவின் கால்களை எண்ணிய பிறகு மருந்தை எடுங்கள்

மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கும் நாட்களில் ஏற்காடு மலைக் கிராமங்களில் முள்ளங்கி, முட்டைக்கோசு, நூல்கோல் போன்ற பயிர்கள் இளம் பயிராக நிற்கும். அப்போது இலைகளில் பொத்தல்கள் தோன்றுவதும், நான்கைந்து நாட்களில் நடு நரம்பு மட்டும் மிஞ்சுவதும் உண்டு. இலையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு புழு இருக்கும். "பச்சைப்புழு விழுந்திருக்கிறது" என்று சொல்லி மருந்துக் கடைக்குப் போய்விடுகிறோம். எந்தப் பச்சைப்புழு என்று கேட்பவர் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன் சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி என்னிடம் வந்தார். பத்து சென்ட் நிலத்தில் முள்ளங்கி போட்டிருந்தார். இலையில் புழு என்று அவர் முன்பே சொன்னபோது, அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவாகத்தான் இருக்கும் என்று எண்ணி, பி.டி. நுண்ணுயிர் மருந்தைத் தெளிக்கச் சொல்லியிருந்தேன். "ஐயா, ரெண்டு தரம் அடிச்சாச்சு. ஒரு புழுகூடச் சாகலை. மருந்து போலியா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்து உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மருந்தில் பிழை இல்லை. அவர் தெளித்த முறையிலும் பிழை இல்லை. புழுவைப் பார்க்காமலே பெயர் சொன்ன என்னிடம்தான் பிழை. அது அந்துப்பூச்சியின் புழுவே அல்ல. கடுகு ரம்ப ஈயின் புழு. அதற்குள் அவருடைய பயிரில் பாதிக்குமேல் போய்விட்டது.

அன்று முதல், புழு என்று யார் சொன்னாலும் "கால் எத்தனை?" என்று கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். விவசாயிகளும் இதைத் தாமே செய்துகொள்ளலாம் என்பதால் இங்கு விளக்குகிறேன்.

ரம்ப ஈ என்பது எது?

ரம்ப ஈ என்று அழைத்தாலும் இது ஈ அல்ல. ஈக்கு இரண்டு இறக்கைகள், இதற்கு நான்கு. இது தேனீ, எறும்பு, குளவி ஆகியவற்றின் வகையைச் சேர்ந்தது. ஆனால் குளவிக்கும் எறும்புக்கும் உள்ள ஒடுங்கிய இடுப்பு இதற்கு இல்லை. மார்பும் வயிறும் ஒரே அகலத்தில் சேர்ந்திருக்கும். பெண் பூச்சியின் வயிற்று நுனியில் மரம் அறுக்கும் ரம்பம் போன்ற பல்வரிசையுள்ள உறுப்பு உண்டு. அதைக் கொண்டு இலையின் ஓரத்தை அறுத்து, அந்தப் பிளவுக்குள் முட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகி வைக்கும். ரம்ப ஈ என்ற பெயர் இதனால் வந்தது.

கடுகு ரம்ப ஈயின் தாய்ப்பூச்சி ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில், கருந்தலையும் புகை படிந்தாற்போன்ற இறக்கைகளும் கொண்டு, அரை அங்குலத்துக்கும் குறைவான நீளத்தில் இருக்கும். சில நாட்களே உயிர் வாழும். அதற்குள் முப்பது முட்டைகளுக்குமேல் இடக்கூடியது. முட்டை 4 முதல் 8 நாட்களில் பொரியும். புழு காலையிலும் மாலையிலும் தின்னும். வெயில் நேரத்தில் மறைந்திருக்கும். வளர்ந்து முடிந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். முளைத்து மூன்று நான்கு வாரங்கள் ஆன இளம் பயிருக்குத்தான் இதனால் பெருஞ்சேதம்.

கால்களை எண்ணும் முறை

புழுவை ஒரு வெள்ளைக் காகிதத்தில் விட்டு, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பத்து ரூபாய்க் கண்ணாடி இருந்தாலும் போதும். எல்லாப் புழுக்களுக்கும் தலையை ஒட்டி மூன்று ஜோடி உண்மைக் கால்கள் உண்டு. அவை மெலிந்து, கணுக்களுடன், நுனியில் நகத்தோடு இருக்கும். அதன் பிறகு வயிற்றுப் பகுதியில் சதைப்பற்றான போலிக் கால்கள் வரும். எண்ண வேண்டியது இந்தப் போலிக் கால்களைத்தான்.

அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றின் புழுக்களில் போலிக் கால்கள் ஐந்து ஜோடிக்கு மேல் இருப்பதில்லை. வளைந்து வளைந்து நடக்கும் காவடிப்புழுக்களில் இன்னும் குறைவு. கடுகு ரம்ப ஈயின் புழுவுக்கோ எட்டு ஜோடி. உண்மைக் கால்களையும் சேர்த்தால் அதற்கு 22 கால்கள்; அந்துப்பூச்சிப் புழுவுக்கு அதிகம் போனால் 16.

எண்ணுவது கடினமாக இருந்தால் இடைவெளியைப் பாருங்கள். உண்மைக் கால்கள் முடிந்த இடத்திற்கும் போலிக் கால்கள் தொடங்கும் இடத்திற்கும் இடையில், அந்துப்பூச்சிப் புழுவில் குறைந்தது இரண்டு கண்டங்கள் கால் இல்லாமல் இருக்கும். ரம்ப ஈப் புழுவில் ஒரே ஒரு கண்டம்தான் அப்படி இருக்கும். வயிற்றின் அடிப்புறம் முழுவதும் கால் வரிசையாகவே தோன்றும்.

வேறு அடையாளங்களும் உண்டு. ரம்ப ஈப் புழுவின் தலையில் பக்கத்துக்கு ஒரு கண் புள்ளி மட்டுமே இருக்கும். அந்துப்பூச்சிப் புழுவில் பல சிறு புள்ளிகள் வளைவாக அமைந்திருக்கும். ரம்ப ஈப் புழு கரும்பச்சை நிறத்தில், தோல் சுருக்கங்களுடன், முதுகில் நீளவாக்கில் கருங்கோடுகளோடு இருக்கும். தொட்டால் உடலைச் சுருட்டிக்கொண்டு கீழே விழுந்து செத்ததுபோல் கிடக்கும். வைரமுதுகுப் புழு மாறானது. அது வெளிர் பச்சையாக, இரு முனையும் கூர்ந்து, அரை அங்குலத்துக்கும் சிறியதாக இருக்கும். தொட்டால் துள்ளித் துடித்துப் பின்னோக்கி நகரும். நூல் விட்டுத் தொங்கும்.

இந்த வேற்றுமை ஏன் முக்கியம்?

கோசுப் பயிர்களுக்கு நாம் வாங்கும் குர்ஸ்டாகி வகை பி.டி. மருந்து, அந்துப்பூச்சி மற்றும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களின் குடலில்தான் வேலை செய்யும். ரம்ப ஈப் புழு அதைத் தின்றாலும் சாகாது. வைரமுதுகுக்கான இனக்கவர்ச்சிப் பொறியில் ரம்ப ஈ வந்து விழாது. புரோடீனியாப் புழுவைக் கொல்லும் என்.பி.வி. நச்சுயிரியும் இதைத் தொடாது. இவை எல்லாம் நல்ல மருந்துகளே. பூச்சி வேறு என்பதால் பயன் இல்லை. பலன் இல்லாததைக் கண்டு கடும் மருந்துக்குத் தாவினால் செலவு இரட்டிப்பாகும். நன்மை செய்யும் பூச்சிகளும் மடியும். அதோடு, மலையில் தெளிக்கும் மருந்து மழையில் கரைந்து ஓடை வழியாகக் கீழுள்ள கிணறுகளுக்கும் குளங்களுக்கும் போகும் என்பதையும் மறக்கக் கூடாது.

உறவினங்களைப் பிரித்தறிதல்

கடுகு ரம்ப ஈக்கு விஞ்ஞானப் பெயர் அதாலியா புராக்சிமா. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பூச்சியியலாளர் குளூக் விவரித்த இனம் இது. நம் பாடப் புத்தகங்கள் பலவற்றில் அதாலியா லூகென்ஸ் புராக்சிமா என்றிருக்கும். அதாவது, லூகென்ஸ் என்ற இனத்தின் உள்வகையாக இதைக் கருதினார்கள். தனி இனமாகக் கொள்பவர்களும் உண்டு. இருநூறு ஆண்டுகள் கடந்தும் பெயரில் இத்தனை சிக்கல்.

இதன் ஐரோப்பிய உறவினம் அதாலியா ரோசே. லின்னேயஸ் 1758-ல் வைத்த பெயர். பெயரில் ரோஜா இருந்தாலும் அது தின்பது கடுகுக் குடும்பத்துச் செடிகளைத்தான். ரோஜாவைத் தின்னும் ரம்ப ஈ வேறு. அது ஆர்கே; வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஆரஞ்சும் கறுப்பும் கலந்து பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். உணர்கொம்பைப் பார்த்தால் பிரித்துவிடலாம். ஆர்கேயின் உணர்கொம்பில் மூன்றே கணுக்கள். மூன்றாவது மிக நீளம். அதாலியாவின் உணர்கொம்பில் பத்துக்கு ஒட்டிய எண்ணிக்கையில் சிறு கணுக்கள் இருக்கும். இங்கிலாந்தில் டர்னிப் வயல்களை இந்த அதாலியா மொட்டையடித்ததால், ஜார்ஜ் நியூபோர்ட் என்பவர் 1838-ல் இந்த ஒரு பூச்சியைப் பற்றியே தனி ஆய்வுரை எழுதினார். அன்று அவர் அதற்கு வழங்கிய பெயரும் இன்று மாறிவிட்டது.

எல்லா ரம்ப ஈயும் பயிருக்குப் பகையல்ல. பெரணிச் செடிகளை மட்டும் தின்று வாழும் இனங்கள் ஏராளம். காப்பித் தோட்ட ஓரத்துப் பெரணியில் இப்படி ஒரு புழுவைக் கண்டால் முள்ளங்கிக்கு ஆபத்து என்று அஞ்சி மருந்து தெளிக்க வேண்டியதில்லை. அதேபோல, தோட்டத்தில் பறக்கும் ஆரஞ்சு நிறப் பூச்சி எல்லாம் ரம்ப ஈ அல்ல. இடுப்பு ஒடுங்கியிருந்தால் அது குளவி. புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் நண்பனாக இருக்கலாம். பெரிலிசஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி ரம்ப ஈப் புழுவையே இப்படி அழிக்கிறது.

புதிய இனம் என்று எப்போது சொல்லலாம்?

"இதுவரை பார்க்காத பூச்சி" என்பதால் மட்டும் அது புதிய இனம் ஆகிவிடாது. வளர்ந்த பூச்சியை எடுத்து, உணர்கொம்பின் கணுக்கள், இறக்கை நரம்புகளின் அமைப்பு, கால்களின் நிறம், பெண்ணின் ரம்பப் பற்களின் வடிவம், ஆணின் இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றை, பெயரிடப்பட்ட உறவினங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இப்போது மரபணுச் சோதனையும் துணைக்கு வருகிறது. எதனோடும் பொருந்தவில்லை என்று உறுதியான பின், விளக்கத்தை ஆய்விதழில் வெளியிட்டு, அந்த மாதிரிப் பூச்சியை எவரும் சரிபார்க்கும்படி காட்சியகத்தில் வைக்க வேண்டும். நம் நாட்டில் பாட்டியாலா பஞ்சாபி பல்கலைக்கழகத்தில் மல்கியத் சைனி போன்றோர் ரம்ப ஈக்களில் இத்தகைய பணியைச் செய்திருக்கிறார்கள்.

ரம்ப ஈக்கள் குளிர் நாடுகளில் அதிகம். வெப்பச் சமவெளிகளில் குறைவு. எனவே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்து தனித்து நிற்கும் ஏற்காடு போன்ற மலைகளைப் பூச்சியியலார் ஆவலோடு பார்க்கிறார்கள். இம்மலையில் புதிய உயிர்கள் கிடைப்பது கற்பனையும் அல்ல. ஏற்காட்டின் பெயரையே தாங்கிய ஒரு சிறு பகல் பல்லி 2000-ம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. 2019-ல் இதே சேர்வராயன் மலையிலிருந்து மேலும் இரண்டு பல்லி இனங்கள் பெயர் பெற்றன. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தவற்றை நுணுக்கமாக ஒப்பிட்டதால் கிடைத்தவை இவை.

விவசாயிகள் செய்யக்கூடியது

உங்கள் தோட்டத்துப் புழு மேற்சொன்ன எதனோடும் ஒத்துவரவில்லை என்றால் கொன்றுவிடாதீர்கள். வாயகன்ற பாட்டில் ஒன்றில் இரண்டு அங்குலம் ஈரமண் போட்டு, புழுக்களை அவை தின்ற இலையோடு விட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கள். தினமும் புது இலை மாற்றுங்கள். புழு மண்ணில் இறங்கிய பின் மண் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் பூச்சி வெளிவரும். புழுவை மட்டும் வைத்து இனத்தை உறுதி செய்வது கடினம், பூச்சி வேண்டும். எந்த ஊர், எந்தப் பயிர், எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதி, ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டலாம். சீட்டு இல்லாத பூச்சியால் ஆராய்ச்சிக்குப் பயன் மிகக் குறைவு.

கட்டுப்படுத்தும் முறைகள்

கடுகு ரம்ப ஈ என்று உறுதியானால் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளலாம்.

1. அறுவடை முடிந்ததும் நிலத்தைக் கொத்தி அல்லது உழுது விட்டால் மண்ணிலுள்ள கூடுகள் வெளிப்பட்டு வெயிலாலும் பறவைகளாலும் அழியும்.

2. காலையிலும் மாலையிலும் செடியின் கீழ் ஒரு முறத்தைப் பிடித்துத் தட்டினால் புழுக்கள் சுருண்டு விழும். அவற்றைச் சிறிது மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டு அழிக்கலாம். பத்து சென்ட், இருபது சென்ட் நிலத்துக்கு இதைவிடச் சிக்கனமான முறை இல்லை.

3. நாற்றுப் பருவத்தில் நன்றாக நீர் பாய்ச்சினால் கீழே விழும் புழுக்களில் பல மூழ்கி மடியும்.

4. ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். பத்து லிட்டர் தெளிப்பானுக்கு அரை கிலோ வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, பத்து லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கவும். பாகல் விதை எண்ணெய்க் குழம்புக்கும் புழு தின்பதைத் தடுக்கும் குணம் உண்டு.

5. இவற்றுக்கும் அடங்காவிட்டால் மட்டும், தோட்டக்கலை அலுவலரிடம் புழுவைக் காட்டி, அப்போது பரிந்துரையில் உள்ள மருந்தைக் கேட்டுத் தெளிக்கவும். முள்ளங்கியின் கீரையையும் சமைக்கிறோம் என்பதால், தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையில் விடவேண்டிய நாட்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

பொட்டலத்தோடு வந்த அந்த விவசாயி அடுத்த பருவத்திலும் முள்ளங்கி போட்டார். இலையில் முதல் பொத்தல் கண்ட அன்றே புழுவைக் காகிதத்தில் விட்டு எண்ணிவிட்டு, "எட்டு ஜோடிங்க ஐயா" என்று தொலைபேசியில் சொன்னார். அவர் வீட்டுப் பிள்ளைகள் முறத்தோடு தோட்டத்தில் இறங்கினார்கள். அந்தப் பருவத்தில் அவருக்கு மருந்துச் செலவு வேப்பங்கொட்டையோடு நின்றது.