தண்ணீருக்குள் இழுக்கும் பேய்!

நாட்டுக்கு நாடு ஒரு கதை. குற்றாலம் காட்டும் உண்மை

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் போதும். தென்காசியில் கூட்டம் தாங்காது. பெரியவர், சிறியவர் எல்லோரும் அருவிக்குப் புறப்பட்டுவிடுவார்கள்.

தண்ணீரைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பாட்டிமாருக்கோ கவலை!

"தண்ணீர் காவு கேட்கும். தனியாக இறங்காதே!" என்பார்கள்.

ஆற்றிலோ குளத்திலோ ஒருவர் மூழ்கி இறந்தால், "காவு வாங்கிவிட்டது" என்று பேசுவது தமிழ்நாட்டு வழக்கம். ஆழத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது காலைப் பிடித்து இழுக்கிறது என்பது பழைய நம்பிக்கை.

இந்த நம்பிக்கை நம் நாட்டில் மட்டும்தானா? இல்லை. கடல் கடந்த நாடுகளிலும் இருக்கிறது!

தலையில் தண்ணீர்

ஜப்பான் நாட்டு ஆறுகளில் இருப்பதாகச் சொல்லப்படும் பூதத்தின் பெயர் "கப்பா".

சிறுவன் அளவு உயரம். முதுகில் ஆமை ஓடு. உச்சந்தலையில் ஒரு குழி. அந்தக் குழியில் தண்ணீர் இருக்கும் வரைதான் அதற்குப் பலம்.

கப்பாவிடம் சிக்கினால் தப்புவது எப்படி? குனிந்து வணக்கம் சொல்ல வேண்டுமாம்! அதுவும் மரியாதைக்குக் குனியும். தலையில் உள்ள தண்ணீர் கொட்டிவிடும். பலமும் போய்விடும்!

கப்பாவுக்கு வெள்ளரிக்காய் என்றால் உயிர். அதனால் ஆற்றில் வெள்ளரிக்காயைப் போட்டு வேண்டிக்கொள்வதும் உண்டு.

குதிரையும் கிழவியும்

ஸ்காட்லாந்து நாட்டில் "கெல்பி" என்ற நீர்க்குதிரைக் கதை இருக்கிறது. கரையில் அழகான குதிரை நிற்கும். பிள்ளைகள் ஆசைப்பட்டு ஏறுவார்கள். ஏறியவர் கை அதன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். உடனே அது தண்ணீருக்குள் பாய்ந்துவிடும்.

ரஷியாவில் "ருசால்கா" என்பது தண்ணீரில் மூழ்கி இறந்த பெண்ணின் ஆவி. கோடையின் தொடக்கத்தில் அதற்கென்று ஒரு வாரம் உண்டு. அந்த வாரத்தில் ஆற்றில் இறங்கக் கூடாது என்பது அங்குள்ள கிராமத்தாரின் பழைய வழக்கம்.

இங்கிலாந்தில் பச்சைப் பல் கிழவி! அவள் பெயர் ஜென்னி. பாசி மூடிய குட்டையில் இருந்துகொண்டு, கரைக்கு வரும் பிள்ளைகளை இழுப்பாளாம்.

ஏன் இந்தக் கதைகள்?

பச்சைப் பாசி மூடிய குட்டை, தூரத்தில் புல்தரை போலத் தெரியும். தரை என்று நினைத்துக் கால் வைக்கும் குழந்தை உள்ளே போய்விடும்.

"குட்டை ஆழம்" என்று சொன்னால் குழந்தைக்குப் புரியாது. "கிழவி இருக்கிறாள்" என்றால் புரியும்! தாய் அருகில் இல்லாத நேரத்தில், பேய் காவல் காத்தது.

ஜப்பானில் இன்றும் ஆபத்தான நீர்நிலைகளின் ஓரத்தில் கப்பா படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள் உண்டு.

குற்றாலத்தில் எது இழுக்கிறது?

குற்றாலம் பேரருவி, மலை உச்சியில் இருந்து நேராகத் தரைக்கு வருவதில்லை. இடையில் பாறைக் குழி ஒன்றில் விழுந்து, பொங்கி, பிறகுதான் கீழே கொட்டுகிறது. அந்தக் குழிக்குப் பெயர் "பொங்குமாகடல்". தண்ணீரின் வேகத்தை அது குறைக்கிறது. அதனால்தான் கீழே நின்று குளிக்க முடிகிறது.

ஆனால் வெள்ளம் வந்தால், பொங்குமாகடலும் தடுக்க முடியாது. பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் கொட்டும்.

2024-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி. பழைய குற்றால அருவியில் பலர் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீர் என்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து வந்தது. எல்லோரும் அலறி ஓடினார்கள். 17 வயது மாணவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

அவனை இழுத்தது பேய் அல்ல. மலையில் பெய்த மழை!

அருவிக்கரையில் வெயில் அடிக்கும். மேலே காட்டுக்குள் மழை கொட்டும். கீழே நிற்பவருக்கு அது தெரியாது. சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும்.

தண்ணீர் கலங்கினாலும், இலை, குச்சி, கல் அடித்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் உடனே வெளியேற வேண்டும். சோப்பை எடுக்கவும் துண்டை எடுக்கவும் நிற்கக் கூடாது.

"குளிக்கத் தடை" என்று சொன்னால், போலீசாருடன் வாதாடக் கூடாது. இவ்வளவு தூரம் வந்தும் குளிக்காமல் போவதா என்று பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள்.

அழட்டும். அருவி நாளைக்கும் இருக்கும்.