அளவும் ஐயப்பாடும்

வகுப்பறை மேசை ஒன்றின் நீளத்தை ஐந்து மாணவர்கள் தனித்தனியே அளந்தால், ஐவரும் ஒரே விடையைக் கூறுவார்களா? ஓரிரு மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். கவனமாக அளந்தாலும் ஒவ்வோர் அளவிலும் சிறிதளவு ஐயம் எஞ்சி நிற்கும். இதனை 'அளவீட்டு ஐயப்பாடு' என்பர்.

மேசையை அளக்கும்போது இந்தச் சிறு வேறுபாடு பெரிதன்று. கடலை ஆராய்வோருக்கோ இது பெரும் சவால். மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் ஈர்த்துக்கொள்கிறது. அதனால் கடல்நீரின் அமிலத்தன்மை மெல்லக் கூடுகிறது. பவளங்களும் சிப்பிகளும் தங்கள் கூடுகளையும் ஓடுகளையும் அமைப்பது கடினமாகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் அளவு பி.எச். ஆகும். அமிலத்தன்மை கூடினால் பி.எச். குறையும். கடலின் மேற்பரப்பு நீரில் அது சுமார் 8.1 ஆக உள்ளது. ஆண்டுக்குச் சுமார் 0.002 மட்டுமே குறைகிறது.

ஒரு கருவியின் ஐயப்பாடு ±0.02 எனக் கொள்வோம். அது 8.10 என்று காட்டினால், உண்மை மதிப்பு 8.08க்கும் 8.12க்கும் இடையில் இருக்கலாம். கடலில் பத்து ஆண்டுகளில் நிகழும் மாற்றமே 0.02தான். ஆகவே, கரையோர நீரில் நாள்தோறும் ஏற்படும் பெரிய ஏற்ற இறக்கங்களை அறிய இக்கருவி உதவும். நீண்டகால மாற்றத்தை அறிய அதைவிடத் துல்லியமான அளவீடு தேவை.

ஐயப்பாட்டை எவ்வாறு மதிப்பிடுவது? முதலில், ஒரே மாதிரி நீரைப் பலமுறை அளந்து, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பார்கள். அடுத்து, மதிப்பு முன்பே துல்லியமாக அறியப்பட்ட கரைசலை அளந்து, கருவியைச் சரிபார்ப்பார்கள். வெப்பநிலையையும் கவனிப்பார்கள். நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் மாறினாலே பி.எச். சுமார் 0.015 மாறிவிடும். அது ஏழு ஆண்டு மாற்றத்திற்குச் சமம்!

இவ்வாறு கிடைக்கும் ஐயப்பாடுகளை அப்படியே கூட்டுவதில்லை. ஒன்றையொன்று சாராத இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில், ஒரே திசையில், முழு அளவில் பிழை தருவது அரிது. எனவே, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் காண்பர். 0.003, 0.004 ஆகிய இரண்டும் சேர்ந்தால் 0.007 அன்று, 0.005 ஆகும்.

ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே உள்ள 'அலோஹா' ஆய்வு நிலையத்தில் 1988 முதல் ஏறத்தாழ மாதந்தோறும் கடல்நீரைச் சேகரித்து ஆராய்ந்து வருகின்றனர். ஓராண்டின் மாற்றம் ஐயப்பாட்டிற்குள் மறைந்துவிடலாம். முப்பது ஆண்டுகளின் மாற்றமோ சுமார் 0.06, அதை எந்த ஐயப்பாடும் மறைக்க இயலாது. ஒவ்வோர் அளவின் ஐயப்பாட்டையும் மறைக்காமல் பதிவு செய்ததால்தான், கடல் மாறுகிறது என்று ஆய்வாளர்களால் உறுதியாகக் கூற முடிகிறது.

அடுத்த முறை அறிவியல் கூடத்தில் ஓர் அளவைக் குறிக்கும்போது, அதனருகே ± குறியிட்டு, அந்த அளவை எந்த எல்லைவரை நம்பலாம் என்பதையும் எழுதுங்கள்.