வலி இல்லாதவரும் வரலாம்

“மூட்டுவலி என்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிப்போனோம். ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டார்கள். சேரலாமா?” அவனியாபுரத்திலிருந்து வந்திருக்கும் கேள்வி இது. எம்.டி., எம்.எஸ். படிக்கும் மருத்துவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாக வேண்டும். பிசியோதெரபியில் முதுநிலை படிப்பவர்களுக்கும் அப்படித்தான். ஆகவே, எலும்பு மூட்டுப் பிரிவிலும் பிசியோதெரபி அறையிலும் எந்த நேரமும் சில ஆய்வுகள் நடந்துகொண்டுதான் இருக்கும். சீட்டுப் போட்டுவிட்டு வரிசையில் நிற்கும் பலரை இந்த வாய்ப்பு அவர்கள் அறியாமலே கடந்து போகிறது. சில விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேரலாம் என்பதே என் பதில். அம்மாவோடு துணைக்குப் போனவரும், உடம்பில் ஒரு வலியும் இல்லாத இளைஞரும்கூடச் சேரலாம் என்பேன். எலும்பு, தசை, மூட்டு பற்றிய அறிவில் இன்று இருக்கும் பெரிய ஓட்டை, ஆரோக்கியமான நம் ஊர் உடம்பு எப்படி இருக்கும் என்பது சரியாகத் தெரியாததுதான்.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த மனிதரின் உடலில் இரத்தக்குழாய் இல்லாத உறுப்புகளில் அதுவே மிகப் பெரியது. பச்சிளம் பருவத்தில் அதற்குள் மெல்லிய குழாய்கள் உண்டு. முதல் சில ஆண்டுகளிலேயே அவை மறைந்துவிடுகின்றன. உடலின் மற்ற இடங்களில் ஓர் உயிரணுவுக்கும் அதன் அருகில் ஓடும் இரத்தக்குழாய்க்கும் இடையிலான தூரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கைத் தாண்டுவது அரிது. ஜவ்வின் நடுவில் இருக்கும் உயிரணுவுக்கோ ஏழெட்டு மில்லிமீட்டர். மதுரைச் சமவெளியின் கண்மாய்ப் பாசனத்தை அறிந்தவருக்கு இது எளிதாகப் புரியும். எலும்புக்குள் ஓடும் இரத்தக்குழாய் வாய்க்கால் என்றால், ஜவ்வு கடைமடை வயல். இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்ட குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது, அதுதான் மடை. வாய்க்கால் வயலுக்குள் நுழைவதே இல்லை. சர்க்கரையும் ஆக்ஸிஜனும் மடை வழியே கசிந்துதான் உள்ளே போக வேண்டும். கடைமடைக்காரர் கிடைத்த தண்ணீரில் புன்செய்ப் பயிர் செய்து பிழைப்பதுபோல, அந்த உயிரணுக்களும் ஆக்ஸிஜனை எதிர்பார்க்காமல் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றிச் சிக்கனமாக வாழ்கின்றன. அந்த அமிலம் வெளியேறவும் பெரும்பாலும் அதே மடைதான் வழி. பாசனமும் வடிகாலும் ஒன்றே. பகலில் நாம் நிற்க, நடக்க, சுமக்க, உடலின் பாரம் வயலைப் பிழிகிறது. இரவில் படுத்ததும் நீர் திரும்ப ஊறுகிறது. காலையில் இருந்த உயரத்தில் சாயங்காலத்துக்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் குறைந்துவிடுவது இதனால்தான். மடை தூர்ந்தால் முதலில் காய்வது வயலின் நடுப்பகுதி. அப்போது வரப்பை மட்டும் எத்தனை முறை பூசினாலும் பயிர் தேறாது.

இந்தக் கசிவு எவ்வளவு மெதுவானது என்பதை உயிருள்ள மனிதரில் அளந்து காட்டியது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை. டாக்டர் எஸ்.ராஜசேகரனின் குழு, படத்தில் பளிச்சென்று தெரியும் கடோலினிய மருந்தை நரம்பில் ஏற்றி, அது எங்கெங்கே போகிறது என்று 24 மணி நேரம் தொடர்ந்து எம்.ஆர்.ஐ. படங்களாக எடுத்தது. முதுகெலும்புக்குள் மருந்து ஐந்து நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டது. ஜவ்வின் நடுவில் உச்சம் தொட ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது. மடை பழுதானவர்களின் ஜவ்வில் இந்தக் கசிவின் போக்கே மாறியிருந்தது. இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2004-ல் தன் பரிசை இந்த ஆய்வுக்கு வழங்கியது. நாம் கவனிக்க வேண்டிய எண்ணிக்கை வேறு. அவர்கள் ஆராய்ந்த 150 ஜவ்வுகளில் சிதைந்தவை 54, நல்லவை 96. நலமாக இருந்தவர்களும் ஊசி போட்டுக்கொண்டு, பகலும் இரவும் பலமுறை இயந்திரத்துக்குள் படுத்து எழுந்ததால்தான் சரியான மடை எப்படி வேலை செய்யும் என்று தெரியவந்தது. நோயாளிகளை மட்டும் அளந்திருந்தால் ஆறு மணி நேரம் என்பது இயல்பா, கோளாறா என்று சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

வலியில்லாதவர்களை அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓரிடத்தில் ஜவ்வு புடைத்திருந்தது; 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியிருந்தது. எல்லா ஜவ்வுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதமே. ‘டிஸ்க் பல்ஜ்’ என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் வீடே கலங்கிப்போகிறது. வேலையை விடச் சொல்கிறார்கள், குனியாதே என்கிறார்கள், சிலர் அறுவை சிகிச்சைக்கே தயாராகிவிடுகிறார்கள். படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணமா, வயதானால் தலை நரைப்பதுபோல அதுவும் ஒரு மாற்றமா என்று பிரித்தறிய ஒப்பீடு வேண்டும். அந்த ஒப்பீட்டைத் தந்தவர்கள் வலியில்லாமல் வந்து படுத்த அந்த 98 பேர்.

சரி, அமெரிக்கர்களை அளந்தாயிற்றே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. மூட்டுத் தேய்மான ஆய்வுகளில் உலகெங்கும் பயன்படும் ‘வோமாக்’ என்ற வினாப்பட்டியல் கனடாவில் உருவானது. மொத்தம் 24 கேள்விகள். காலுறை மாட்டும்போது சிரமமா, குளியல் தொட்டியில் இறங்கி ஏறும்போது சிரமமா, காரில் ஏறி இறங்கும்போது சிரமமா என்று அது கேட்கும். தரையில் சம்மணமிடுவது பற்றியோ, குத்தவைத்து உட்காருவது பற்றியோ அதில் ஒரு கேள்வியும் கிடையாது. விடியும் முன்பே செடி செடியாகக் குனிந்து மல்லிகை மொட்டுப் பறிக்கும் பெண்ணையும், திண்ணையில் மணிக்கணக்கில் சம்மணமிட்டுப் பூக்கட்டும் பெண்ணையும் இந்தப் பட்டியல் எப்படி அளக்கும்? அவர் காலுறை போடுவதில்லை. வீட்டில் தொட்டி இல்லை. தரையிலிருந்து எழ முடியாதது அவருக்குப் பெரிய இழப்பு. பட்டியலில் அது பதிவாகவே ஆகாது. புதிய சிகிச்சையால் அவர் மறுபடி தரையில் உட்கார முடிந்தாலும் அந்தத் தாளில் தேறியதாகத் தெரியாது. புனேயில் டாக்டர் அரவிந்த் சோப்ராவின் குழு இந்தப் பட்டியலை இந்திய வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி அமைத்தது. அதே குழு 1996-ல் பிக்வான் கிராமத்தில் வீடு வீடாகப் போய் விசாரித்தபோது, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களில் சுமார் 18 சதவீதம் பேர் மூட்டு, தசை வலியைச் சொன்னார்கள். ஒரு கிராமம் கதவைத் திறந்து பதில் சொன்னதால் கிடைத்த கணக்கு அது. எலும்பின் அடர்த்தியிலும் இதே கதைதான். ஒரு பெண்ணுக்கு எலும்பு மெலிவு இருக்கிறதா என்று முடிவு செய்ய, 20 முதல் 29 வயது வரையிலான அமெரிக்க வெள்ளையினப் பெண்களின் அளவோடு ஒப்பிடுவதே உலக நடைமுறை. தை முதல் நாள் அவனியாபுரம் வாடிவாசலில் காளையின் திமிலைப் பிடிக்கும் தோளுக்கும், மூட்டை தூக்கும் முதுகுக்கும் இயல்பான அளவு எது? அந்த உடம்புகள் வந்து அளக்கப்பட்டால்தான் தெரியும்.

இப்படி உடம்பைக் கொடுத்து அறிவை வளர்த்தவர்களின் வரலாற்றுக்கு ஓர் உதாரணம் போதும். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை இடம்மாற்றித் தைக்கும் முறையை 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் வளர்த்தெடுத்தார். அங்கேயே பயின்ற மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்த அறுவை சிகிச்சைகளைச் செய்தார். 1966-ல் அங்கே உருவான மறுவாழ்வு மையத்துக்கு அவரே முன்னோடி. இருவரையும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. முடிவு தெரியாத சிகிச்சைக்குத் தம் கைகளை நீட்டிய தொழுநோயாளிகளுக்கும் அந்த அறிவில் பங்கு உண்டு.

இனி, சேரத் தயங்குபவர்கள் சொல்லும் மறுப்புகள். சில ஆய்வுகளில் புதிய சிகிச்சை யாருக்கு, ஒப்பீட்டுக் குழுவில் யார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். “குலுக்கலில் ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் நல்ல சிகிச்சை எனக்குக் கிடைக்காதே” என்பது முதல் கவலை. புதியது நல்லதுதான் என்ற அனுமானம் இதில் ஒளிந்திருக்கிறது. மூட்டுவலியும் முதுகுவலியும் ஏறி இறங்கும் தன்மை கொண்டவை. தாங்க முடியாத நாளில்தான் மருத்துவமனைக்குப் போகிறோம். அந்த உச்சத்திலிருந்து வலி பெரும்பாலும் தானாகவே சற்று இறங்கும். அந்த நேரத்தில் எண்ணெய் தடவினாலும், பட்டை கட்டினாலும், ஊசி போட்டாலும் ‘கேட்டது’ போலத்தான் தோன்றும். இதைப் பிரித்துக் காட்ட ஒப்பீட்டுக் குழு தவிர வேறு வழியில்லை. தேய்ந்த முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை ஒரு காலத்தில் ஏராளமாக நடந்தது. ஹூஸ்டனில் 180 பேரை வைத்து நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், ஒரு குழுவினருக்கு அவர்கள் சம்மதத்தோடு தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தும், மெய்யான அறுவை செய்துகொண்டவர்கள் அவர்களைவிட எந்த விதத்திலும் தேறியிருக்கவில்லை. அந்த ஆய்வில் நல்ல சிகிச்சையை இழந்தவர் என்று யாரைச் சொல்வது? அந்த 180 பேர் இல்லையென்றால் இன்னும் பல லட்சம் முழங்கால்கள் வீணாகத் துளையிடப்பட்டிருக்கும்.

“நம்மைச் சோதனை எலியாக்குகிறார்கள்” என்பது இரண்டாவது. இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. 2009-10-ல் ஆந்திராவிலும் குஜராத்திலும் நடந்த கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தில், சிறுமிகளின் பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்கள் படிவங்களில் கையெழுத்திட்டிருந்ததை நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் அம்பலப்படுத்தியது. அத்தகைய அனுபவங்களுக்குப் பிறகு விதிகள் இறுகின. 2007-ல் தொடங்கிய இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில், 2018 முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்வது கட்டாயம். முதுநிலை மாணவர்களின் ஆய்வுகள்கூட அதில் பதிவாகின்றன. யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் ஆண்டு நெறிமுறைகளும், 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளும் பங்கேற்பவருக்குத் தெளிவான உரிமைகள் தந்திருக்கின்றன. தெரிந்த மொழியில் விளக்கத்தாள் வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியதால் வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. விதி தாளில் இருந்தால் போதாது, உண்மைதான். கேட்கிற பங்கேற்பாளர் இருக்கும் இடத்தில்தான் விதி உயிரோடிருக்கும். ஒதுங்கிப் போவதால் அது வலுப்படாது.

ஆய்வு என்ற பெயரை வியாபாரத்துக்குப் பயன்படுத்துபவர்களிடம் மட்டும் கறாராக இருக்க வேண்டும். ‘ஸ்டெம் செல் ஊசியில் ஜவ்வு புதிதாக வளரும், மூட்டு மாற்று தேவையில்லை’ என்று விளம்பரங்கள் வருகின்றன. மடை தூர்ந்து காய்ந்த வயலில் புது விதை தெளித்து என்ன பயன்? இருக்கும் உயிரணுக்களுக்கே உணவு போதாத இடத்தில் புதிதாகச் செலுத்தியவை எதைத் தின்று பிழைக்கும் என்ற கேள்விக்கு அந்த விளம்பரங்களில் பதில் இல்லை. 2017-ம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டுதல், இரத்த நோய்கள் முதலானவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகளை நிறுவப்பட்ட சிகிச்சையாக ஏற்கவில்லை. அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம், பங்கேற்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆகவே ஒரே ஒரு சோதனை போதும்: சோதிக்கப்படும் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்டால் அது ஆய்வு அல்ல, எழுந்து வந்துவிடலாம்.

கடைசி மறுப்புதான் நியாயத்தில் முதலிடம் பெறும்: “நாலு தடவை வரச்சொன்னால் நாலு நாள் கூலி போகுமே?” போகும். அதனால்தான் பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டலாம் என்று நெறிமுறைகளே சொல்கின்றன. அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். ஓய்வுபெற்றவரும் வசதியுள்ளவரும் மட்டுமே வந்துபோகக்கூடிய ஆய்வு, அவர்களுடைய முழங்காலைப் பற்றி மட்டுமே உண்மை பேசும். பூப்பறிப்பவரையும் சுமை தூக்குபவரையும் விட்டுவிட்டு எழுதப்படும் உடற்பயிற்சி அட்டவணை அவர்களுக்குப் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. ஆகஸ்ட் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. சிகிச்சை தெருவுக்கு வர முடியுமானால், அளவுநாடாவும் வினாப்பட்டியலும் சாயங்கால நேரத்தில் அதே தெருவுக்கு வருவதில் தடையேதும் இல்லை. பங்கேற்பவர் கேட்க வேண்டியவை சிலவே: நெறிமுறைக் குழு அனுமதித்ததா, பதிவு எண் என்ன, தமிழில் எழுதிய தாளின் பிரதியை எனக்குத் தருவீர்களா, பாதிப்பு வந்தால் செலவு யாருடையது, முடிவை என்னிடம் சொல்வீர்களா? கடைசிக் கேள்வியை எந்தக் கல்லூரியும் தட்டிக்கழிக்கக் கூடாது. உடம்பை அளக்கக் கொடுத்தவருக்கு என்ன தெரியவந்தது என்பதை, சாதகமோ பாதகமோ, புரியும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதை ஒவ்வொரு ஆய்வேட்டின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். அதைச் செய்கிற துறைக்கு அடுத்த ஆய்வுக்கு ஆள் தேடும் சிரமம் இருக்காது.