பட்டுக்குக் காவல், பச்சைக் குழந்தைக்கு?

தறிக்குழியில் அமர்ந்து பட்டு நெய்பவன், நாடா ஓடிக் கொண்டிருக்கும்போது பீடி பற்ற வைப்பதுண்டோ? கிடையாது! ஆரணியை அடுத்த சேவூரில், எந்த நெசவாளி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டாலும் இந்த விடைதான் கிடைக்கும். பொறி ஒன்று தெறித்தால் போதும், பாவு பாழ்! பல நாள் பாடுபட்டு நெய்த புடவை பொத்தலாகும். அந்த நட்டம் கூலியில் வந்து விடியும். ஆகவே, எவ்வளவு முற்றிய பீடிக்காரனாக இருந்தாலும், தறியை விட்டு எழுந்து, தெருமுனைத் தேநீர்க் கடைக்குப் போய்த்தான் தீக்குச்சியைக் கிழிக்கிறான்.

பாராட்டுகின்றோம் அந்தப் பொறுப்புணர்ச்சியை! ஆனால், ஒன்று கேட்கின்றோம், தோழர்களே! மாலையில் தறியை நிறுத்தி, பாவின்மீது துணியைப் போர்த்திவிட்டு, வாசற்படியில் சாய்ந்து, மடியில் மகளை வைத்துக் கொண்டு அதே பீடியைப் பற்ற வைக்கிறானே, அப்போது அந்தப் பொறுப்புணர்ச்சி எந்த மூலையில் போய் ஒளிந்து கொள்கிறது? பட்டு நூலுக்கு ஆகாத நெருப்பும் புகையும் பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்கு மட்டும் ஆகுமோ?

“என் வாய், என் காசு, என் புகை, இடையில் நீர் யார் கேட்பதற்கு?” என்று சீறும் தோழர்கள் உண்டு. சீறட்டும். வாய் உம்முடையது, ஒப்புக் கொள்கிறோம். காசு உம்முடையதா என்பதைப் பிறகு பேசுவோம். புகை உம்முடையதா? உமது வாயை விட்டு வெளியேறிய மறுநொடியே அது வீட்டுக்குப் பொதுவாகி விடுகிறதே! தறியும் அடுப்பும் தூளியும் ஒரே கூரையின்கீழ், பெரும்பாலும் ஒரே அறையில் இருக்கிற வீட்டிலே அது வேறு எங்கே போகும்? தார் சுற்றிக் கொண்டிருக்கும் துணைவியின் மூச்சில் போகும். தூளியில் உறங்கும் பிள்ளையின் மூச்சில் போகும்.

கற்பனை பேசவில்லை நாம். ஜப்பான் நாட்டில் தாகேஷி ஹிராயாமா என்றோர் ஆராய்ச்சியாளர். புகை பிடிக்கும் வழக்கமே இல்லாத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981-இல் முடிவை வெளியிட்டார். கணவன் ஊதித் தள்ளுகிற வீட்டில், ஊதாத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வருவது கூடுதலாக இருந்தது. கணவன் ஊதும் எண்ணிக்கை ஏற ஏற, மனைவியின் ஆபத்தும் ஏறியது! சிகரெட் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? கணக்குத் தவறு என்றார்கள், காரணம் வேறு என்றார்கள். பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஹிராயாமாவின் பக்கமே நின்றன. தாலி கட்டியவன் புகைத்தான். தாலி சுமந்தவள் இருமினாள். இதுதான் அந்த ஆராய்ச்சியின் சாரம்.

குழந்தைகளின் கதை இன்னும் கொடிது. புகை சூழ்ந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு மூச்சிரைப்பு, மார்ச்சளி, காதில் சீழ், அடிக்கடி காய்ச்சல். கருவுற்ற தாய் அந்தப் புகையில் இருந்தால், பிறக்கும் பிள்ளையின் எடையே குறைகிறது. “மந்திரித்துத் தாயத்துக் கட்டினோம், இருமல் நிற்கவில்லையே!” என்று அங்கலாய்க்கிறார்கள். தாயத்தைக் கழுத்தில் கட்டிவிட்டுத் தலைமாட்டில் பீடியை ஊதினால் நிற்குமா, ஐயா?

2016-17-இல் மைய அரசு எடுத்த கணக்கு ஒன்று நம் முன் இருக்கிறது. இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 10.7 பேர் பீடியோ சிகரெட்டோ வேறு எதுவோ புகைப்பவர்கள். ஆனால், தங்கள் வீட்டுக்குள்ளேயே பிறர் விட்ட புகையை உள்ளிழுப்பவர்கள் நூற்றுக்கு 38.7 பேர்! பிடிக்கிறவர் பதினோரு பேர்கூட இல்லை. மூச்சில் வாங்குகிறவரோ ஏறக்குறைய நாற்பது பேர். எந்த ஊர் நியாயம் இது?

ஜப்பான் தொலைவு என்றால், நமது பக்கத்து மாவட்டத்துக்கே வருவோம். சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் 1990-களின் பிற்பகுதியில் இறந்து போன 43,000 ஆண்களைப் பற்றி, மருத்துவர் கஜலட்சுமியும் அவருடன் சேர்ந்தோரும் வீடு வீடாக ஆள் அனுப்பி விசாரித்தார்கள். யாரிடம் கேட்டார்கள்? செத்தவனிடமா கேட்க முடியும்? அவனை இழந்த குடும்பத்தாரிடம் கேட்டார்கள். என்ன நோய், எத்தனை நாள் கிடந்தார், பீடி பிடித்தாரா? உயிரோடிருக்கும் 35,000 ஆண்களின் பழக்கத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2003-இல் இலண்டனிலிருந்து வரும் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் முடிவு வெளியாயிற்று. காசநோயால் சாகும் ஆபத்து, பிடிக்காதவனைவிடப் பிடிப்பவனுக்கு நான்கு மடங்கு! புகை என்றால் புற்றுநோய் என்றுதான் மேலைநாட்டார் பேசிக் கொண்டிருந்தனர். இங்கே அது முதலில் எலும்புருக்கியின் கையைப் பிடித்துக் கொண்டு வருகிறது என்பதை உலகம் தமிழ்நாட்டுக் குடிசைகளிலிருந்து கற்றுக் கொண்டது. இந்தியாவில் காசநோயால் மடியும் ஆண்களில் பாதிப்பேரின் சாவுக்குப் புகையே காரணம் என்றும் அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

காசநோய் என்பது ஒருவனோடு நிற்கிற நோயா? இருமினால் பரவும். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பாட்டிக்கு. மருந்தில்லாத நோயும் அல்ல அது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளியை மலையடிவார மருத்துவமனையில் அடைத்துப் போட வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டு பிழைக்கலாம் என்று உலகுக்கே மெய்ப்பித்துக் காட்டியது. இன்று அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசம். மருந்து ஒரு பக்கம் நுரையீரலை ஆற்ற, மறுபக்கம் பீடி அதைச் சுட்டுக் கொண்டிருக்கிறது என்பதுதான் கொடுமை.

சேவூருக்குச் சென்றிருந்தபோது ஒரு நெசவாளித் தோழரைச் சந்தித்தோம். பெயர் வேண்டாம். வயது ஐம்பதுகூட இல்லை. காசநோய்க்கு மருந்து உண்டு முடித்துவிட்டார். நோய் போய்விட்டது, மூச்சு திரும்பவில்லை. மிதியைப் பத்து முறை அழுத்தினால் மார்பு பட்டறைத் துருத்தியாக வாங்குகிறது. தறி நின்றது. தறி நின்றால் கூலி நின்றது. கூலி நின்றாலும் மாஸ்டர் வீவரிடம் வாங்கிய முன்பணம் நிற்கிறதா? அது நோய்க்கு விடுப்புத் தருவதில்லையே! துணைவியார் தறிக்குழியில் இறங்கினார். கோர்வைப் புடவை என்றால் தறிக்கு இருவர் வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்த மகள் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தப் பை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. தகப்பனார் இன்னும் பீடியை விடவில்லை. அதை வாங்கி வருபவன் யார் தெரியுமா? எட்டு வயதுத் தம்பி! பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்கிறது, அப்பா அனுப்புகிறார், பையன் ஓடுகிறான்.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். நாளொன்றுக்கு இருபது ரூபாய் என்று குறைத்தே வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 7,300. பத்தாண்டுக்கு 73,000! கூலியை உயர்த்து என்று கொடி பிடிக்கிறோம், குரல் கொடுக்கிறோம், கொளுத்தும் வெயிலில் நிற்கிறோம். ஒரு புடவைக்கு நூறு ரூபாய் உயர்ந்தால் வெற்றி விழாக் கொண்டாடுகிறோம். போராடிப் பெற்ற காசை நெருப்பு வைத்துக் கொளுத்துவதற்கா அத்தனை போராட்டமும்? அந்த நெசவாளியின் கூலி அவர் ஒருவருடைய உழைப்பா? தார் சுற்றியவள் யார்? விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது மறுமுனையைப் பிடித்தவள் யார்? குடும்பமே நெய்த கூலியை ஒருவர் மட்டும் ஊதித் தள்ள எவர் கொடுத்தார் உரிமை?

“பாட்டன் காலத்துப் பழக்கம்” என்பார் சிலர். எந்தப் பாட்டன்? கொலம்பஸ் 1492-இல் அமெரிக்கக் கரையைத் தொடும் வரையில், இந்த இலையின் பெயரே நம்மவர் காதில் விழுந்ததில்லை. சங்கப் புலவனுக்குத் தெரியாது, வள்ளுவனுக்குத் தெரியாது. கப்பலேறி வந்த சரக்கு. வந்த பிறகு விட்டோமா? சீனிச்சர்க்கரைப் புலவர் ‘புகையிலை விடு தூது’ பாடி, பழனி முருகனிடமே அதைத் தூது அனுப்பி வைத்தார்! பக்தியும் பழக்கமும் கைகோத்து நடந்த கதைகளில் இதுவும் ஒன்று.

“பீடி ஒழிந்தால் பீடித் தொழிலாளி வயிற்றில் அடிப்பதாகாதா?” இது சிந்திக்க வேண்டிய கேள்வி. உழைப்பாளர் ஏடு இதைத் தட்டிக் கழிக்க முடியாது. குடியாத்தத்தில், வேலூர்ப் பக்கத்தில், நெல்லைச் சீமையில், மடியில் முறத்தை வைத்துக் கொண்டு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று சுற்றித் தரும் தாய்மார்கள் நம்மவர்கள். புகைக்காமலே புகையிலைத் தூளை நாளெல்லாம் மூச்சில் வாங்கும் பாவப்பட்டவர்கள். அவர்களுக்கென்று 1966-இல் ஒரு சட்டம் வந்தது. வேலை நேரம், விடுப்பு எல்லாம் அதில் எழுதியிருந்தது. ஏழைப் பெண் சுற்ற, ஏழை ஆண் கொளுத்த, இலாபம் மட்டும் மாடி வீட்டுக்குப் போகிறதே, அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பிழைப்பா? மாற்றுத் தொழில் கொடு என்று அரசுகளைக் கேட்போம், உரக்கவே கேட்போம். ஆனால், பீடி சுற்றும் தாய் பிழைப்பதற்காகத் தறி நெய்யும் தகப்பன் சாக வேண்டும் என்று வாதாடுவது முதலாளியின் வாதம். அதை அவன் பேசட்டும், நாம் பேச வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001 நவம்பர் 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதற்குத் தடை போட்டது. 2008 அக்டோபர் 2 முதல் அதற்கு விரிவான விதிகள் நடப்பில் இருக்கின்றன. மீறினால் இருநூறு ரூபாய் வரை தண்டம். 2016 முதல் பெட்டியின் முகப்பில் நூற்றுக்கு 85 பங்கு எச்சரிக்கைப் படம். நல்லதுதான். ஆனால், ஒன்றிரண்டாகச் சில்லறையில் வாங்குபவன் கண்ணில் அந்தப் படம் படுவதே இல்லை. சட்டம் பேருந்து நிலையம் வரையில் வரும், திரையரங்கு வரையில் வரும். தூளி தொங்கும் அறைக்குள் அது வராது. அங்கே போக வேண்டியது தோழர்களின் சொல்தான்.

சொல்லத் தயங்குகின்ற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காஞ்சி நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1953-இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து திருச்சித் தெருக்களில் விற்று, நெசவாளியின் பசியை நாட்டுக்குச் சொன்னவர் அறிஞர் அண்ணா. பொடியும் புகையிலையும் அவருக்குப் பழக்கம் என்பது அவரோடு பழகியவர்கள் எல்லாரும் அறிந்தது. 1968-இல் நியூயார்க் சென்று அறுவை மருத்துவம் செய்து கொண்டு திரும்பினார். 1969 பிப்ரவரி 3, புற்றுநோய் அவரைக் கொண்டு சென்றது. ஐம்பத்தொன்பது வயது! முதலமைச்சராகி இரண்டாண்டுகூட நிறையவில்லை. அதுவொன்றே காரணம் என்று அறுதியிட நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் காஞ்சியை அடுத்த காரைப்பேட்டையில் அவர் பெயரால் நிற்கும் புற்றுநோய் மருத்துவமனையின் வாயிலில், துண்டால் வாயை மூடிக் கொண்டு வரிசையில் நிற்கும் உழைப்பாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. கூடவே கையைப் பிடித்துக் கொண்டு ஒரு பெண் நிற்பார். அவரைப் பார்க்கத்தான் நமக்குத் துணிவு வருவதில்லை.

“இனி விட்டு என்ன பயன், வயதாகிவிட்டதே!” என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரிட்டனில் மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2004-இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. விடாமல் புகைப்பவர்கள் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாகவே சாகிறார்கள். அறுபதில் விட்டால் அதில் மூன்றாண்டு திரும்பக் கிடைக்கிறது. ஐம்பதில் விட்டால் ஆறு, நாற்பதில் விட்டால் ஒன்பது, முப்பதில் விட்டால் ஏறத்தாழ முழுவதும்! அது சிகரெட் கணக்கு. நம் நாட்டுப் பீடிக்கு 2008-இல் கணக்கிட்டார்கள்: ஆணுக்கு ஆறாண்டு இழப்பு, பெண்ணுக்கு எட்டாண்டு. ஆறாண்டு என்றால் மகளின் படிப்பு முடிகிற காலம், தோழர்களே!

விடுவது எளிதன்று. முதல் சில நாள் எரிச்சல் வரும், தூக்கம் வராது, சோற்றில் உப்பில்லை என்று துணைவியார்மீது பாய்ச்சல் வரும். வீட்டார் கொஞ்சம் பொறுத்துக் கொள்ள வேண்டும். துணைக்கு அரசு தரும் தொலைபேசி எண் ஒன்று உண்டு: 1800-11-2356. கட்டணம் இல்லை. தேநீர்க் கடைச் சுவரில், தேர்தல் சின்னத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி வைக்கலாமே! சுண்ணாம்பும் தூரிகையும்தான் எப்போதும் நம்மிடம் இருக்கின்றனவே.

இன்னொரு வேண்டுகோள், இது கிளைத் தோழர்களுக்கு. பொதுக்கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கியதும், அன்பு மிகுதியால் பேச்சாளரிடம் சிகரெட் பெட்டியை நீட்டும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை சேவூருக்கு நாம் வரும்போது ஒரு குவளை சுக்கு நீர் போதும். இரண்டு மணி நேரம் கத்திய தொண்டைக்கு அதுதான் இதமாக இருக்கும்.