மழை மாறியது, கரிசல் காட்டு விதைப்பும் மாறுகிறது

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதியை மும்பைத் தமிழர்கள் மறக்க முடியாது. அன்று ஒரே நாளில் சாந்தாகுரூசில் 94 சென்டி மீட்டர் மழை கொட்டியது. ரெயில்கள் நின்றன. மக்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு திரும்பினார்கள்.

ஏறத்தாழ அதே அளவு மழை 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பெய்தது. 24 மணி நேரத்தில் 95 சென்டி மீட்டர். அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சேர்த்தே அவ்வளவு மழை பெய்வதில்லை. சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது.

இதே மண்தான் 2016-ல் சொட்டுத் தண்ணீருக்கு ஏங்கியது. அந்த ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது.

தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், செம்பூரிலும் வாழும் நெல்லை, தூத்துக்குடிக் குடும்பங்களில் பலருக்கு ஊரில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் கரிசல் நிலம் உண்டு. அண்ணனோ, தகப்பனாரோ அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். புரட்டாசி பிறந்தால் ஊரிலிருந்து போன் வரும். "தம்பி, உழவுக்கும் விதைக்கும் பணம் அனுப்பு" என்பதுதான் பேச்சு. அனுப்பும் பணம் மண்ணில் முளைக்குமா, மண்ணோடு போகுமா என்பது இங்கே இருப்பவருக்கும் கவலைதான்.

ஏன் இப்படி?

இந்தியாவின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது. கடலும் சூடாகி வருகிறது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால், காற்று சுமக்கக்கூடிய ஈரம் நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். அதனால் பெய்தால் பேய்மழை. இல்லையென்றால் வாரக்கணக்கில் வெயில். ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மழை குறையாததுபோல் தெரியும். பயிருக்கு வேண்டிய நாளில் மட்டும் மழை இராது.

புழுதியில் விதைப்பு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரங்களில் பெரும்பாலும் மானாவாரி நிலம். ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. மழை பெய்து, மண் பதத்துக்கு வந்த பிறகு விதைப்பது ஒரு வழக்கம். ஆனால் கரிசல் மண் நனைந்துவிட்டால் பசைபோல் காலில் ஒட்டும். சில நாட்கள் உள்ளே இறங்க முடியாது. மழை நாட்கள் சுருங்கிவிட்ட இந்தக் காலத்தில் அந்தச் சில நாட்களும் பெரிய நஷ்டம்.

ஆகவே மழைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே, காய்ந்த புழுதியில் விதைக்கிறார்கள். விதையை இரண்டு அங்குல ஆழத்தில் போடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேலாகப் போட்டால் ஒரு தூறலிலேயே முளைத்து, அடுத்த மழை வராமல் கருகிவிடும். ஆழத்தில் கிடக்கும் விதையோ, நல்ல மழை பெய்து ஈரம் கீழே இறங்கினால்தான் முளைக்கும்.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இதற்குத் துணையாக ஒரு வழி சொல்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் உப்பைக் கரைத்து, அதில் சோள விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழையபடி உலர்த்தி விதைக்க வேண்டும். விதையைக் கடினப்படுத்துதல் என்று இதற்குப் பெயர். இப்படிச் செய்த விதையின் நாற்று வறட்சியைச் சற்றுத் தாங்கும். செலவு அதிகம் இல்லை.

ஒரே பயிர் ஆபத்து

சோளமும் கம்பும் விளைந்த பல காடுகளில் மக்காச்சோளம் வந்தது. கோழித் தீவனத்துக்கு நல்ல விலை கிடைத்ததே காரணம். 2018-ல் படைப்புழு இறங்கியது. அதையே நம்பி விதைத்தவர்கள் கை முதலையும் இழந்தார்கள்.

மழை எப்போது இறங்குகிறதோ, அதைப் பார்த்துப் பயிரை முடிவு செய்வது பாதுகாப்பானது. புரட்டாசிக் கடைசியில் மழை கிடைத்தால் பருத்தி, சோளம். ஐப்பசி பாதிக்கு மேல் தள்ளிப்போனால் 65 முதல் 75 நாளில் விளையும் உளுந்து, பாசிப்பயறு. இன்னும் தாமதமானால் மல்லி, கொண்டைக்கடலை. பருத்தி வரிசைகளுக்கு நடுவே உளுந்து போட்டால் ஒன்று போனாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

இவ்வளவு செய்தும் தப்பாத ஆண்டுகள் உண்டு. 2021 ஜனவரியில் வழக்கமில்லாத கனமழை பெய்து, அறுவடைக்கு நின்ற உளுந்தும் பாசிப்பயறும் செடியிலேயே முளைத்துப்போயின.

பணத்தை எதில் போடுவது?

மும்பையிலிருந்து போகும் பணத்தில் போர் போடும் ஆசை பலருக்கு உண்டு. கரிசல் காட்டில் பல இடங்களில் ஆழத்தில் கிடைப்பது உப்புத் தண்ணீர். லட்சக்கணக்கில் செலவழித்த பிறகே அது தெரியவரும். அதைவிடப் பண்ணைக்குட்டை மேல். பேய்மழையில் ஓடி வீணாகும் தண்ணீர் அதில் தேங்கும். கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு தடவை தண்ணீர் பாய்ச்சினாலே பயிர் தேறிவிடும்.

அடுத்தது பயிர்க் காப்பீடு. 2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ராபி பருவ உணவுப் பயிருக்கும் பயறுக்கும் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாயும், பருத்திக்கு ஐந்து ரூபாய் வரையும் விவசாயி கட்ட வேண்டும். கடைசித் தேதி தவறினால் பயன் இல்லை. கிராம நிர்வாக அதிகாரியிடம் அடங்கல் வாங்கி, சிட்டா, ஆதார், பேங்க் பாஸ்புக்குடன் பதிய வேண்டும்.

இங்கேதான் மும்பைவாசிகளின் பங்கு வருகிறது. பல குடும்பங்களில் பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. பங்காளிகளில் ஒருவர் தாராவியில், ஒருவர் ஊரில். உழைப்பவர் பெயரில் காகிதம் இல்லாததால் காப்பீட்டுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அவர் அலைய வேண்டியிருக்கிறது. உழுகிற அண்ணன் மழையோடு மல்லுக்கட்டுவது போதாதென்று, தாலுகா ஆபீசிலும் மல்லுக்கட்ட வேண்டுமா?

அடுத்த முறை கோவில் கொடைக்கு ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் லீவு கூடுதலாகப் போட்டு, பங்காளிகளோடு உட்கார்ந்து பேசிப் பட்டாவை மாற்றிவிட்டு வரலாம். புரட்டாசியில் அனுப்பும் பணத்துக்கு அதைவிட நல்ல காவல் இல்லை.